ஓனர் சென்னையில், வீடு வட்டக்கோட்டையில்... புயலடிக்கும்போது மெயின் சுவிட்சை யார் ஆஃப் பண்றது?

"அண்ணே, மாடியில டேங்க் மூடி பறந்துபோச்சு."

"சரி தம்பி, மழை நிக்கட்டும். ஆளை அனுப்புறேன்."

"மீட்டர் போர்டு பக்கம் செவுத்துல தண்ணி இறங்குதுண்ணே. எதை ஆஃப் பண்ணணும்? வீட்டுல புள்ளைங்க இருக்கு."

நீங்க அவசரமா பதில் டைப் பண்ணி அனுப்புறீங்க. ஒரு டிக் விழுது. இரண்டாவது டிக் வரவே இல்லை.

இது கற்பனை உரையாடல்தான். ஆனால், கன்னியாகுமரி மாவட்டத்தில் வீடு வைத்துக்கொண்டு சென்னையிலோ பெங்களூரிலோ துபாயிலோ வேலை பார்ப்பவர்களுக்கு இது ரொம்பத் தூரத்துக் கற்பனை இல்லை. அப்பா ரிட்டையர்மென்ட் பணத்தில் கட்டிய வீடு, பாட்டி எழுதிவைத்த வீடு, கடலைப் பார்த்த மாதிரி இருக்கிறதே என்று டூரிஸ்ட்டுகளுக்கு விடும் மாடி போர்ஷன்... எல்லாவற்றையும் இப்போது போனில்தான் நடத்துகிறோம். வாடகை ஜிபேயில் வருகிறது. பைப் உடைந்தால் போட்டோ வாட்ஸ்அப்பில் வருகிறது. பிளம்பருக்குப் பணமும் போனிலேயே போய்விடுகிறது. நல்ல நாளில் இது பிரமாதமான ஏற்பாடு. 2017 நவம்பர் 30 மாதிரியான ஒரு நாளில்?

அன்றைக்குத்தான் ஒக்கி வந்தது. முந்தின நாள் வரை காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது, 30-ம் தேதி காலையில் கன்னியாகுமரிக்குத் தெற்கே புயலாகவே மாறிவிட்டது. கரையைக் கடக்கக்கூட இல்லை. கடலுக்குள்ளேயே மேற்கே நகர்ந்து போனது. அதற்கே மாவட்டம் முழுக்க ஆயிரக்கணக்கில் மின்கம்பங்கள் சாய்ந்தன, ரப்பர், தென்னை, வாழை எல்லாம் சரிந்தன. கடலுக்குப் போயிருந்த மீனவர்கள் பலர் திரும்பவே இல்லை. நிலத்தில் இருந்தவர்களுக்குப் பல ஊர்களில் நாள்கணக்கில் கரன்ட் இல்லை. கரன்ட் இல்லையென்றால் மோட்டார் ஓடாது, தண்ணீர் இல்லை. செல்போன் டவர் இயங்காது, தகவல் இல்லை. சென்னையில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தவருக்கு ஊரில் என்ன நடக்கிறது என்று தெரிந்த அளவுக்கு, ஊரிலேயே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை.

அதனால் வாடகைக்கு வீடு விட்டிருக்கும் எல்லோரும் தங்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான். உங்க வீடு, உங்க போன் இல்லாமல் மூன்று நாள் தாங்குமா?

கோட்டை நிற்குது, வீடு ஏன் உதிருது?

வட்டக்கோட்டைக்குப் போகாதவர்கள்கூட ரீல்ஸில் பார்த்திருப்பீங்க. கன்னியாகுமரியிலிருந்து ஆறேழு கிலோமீட்டர்தான். மதில் மேல் ஏறி நின்றால் ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் தென்னந்தோப்பு, தூரத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை. கீழே கறுப்பு மணல். பெயர்தான் வட்டம், உண்மையில் செவ்வகத்துக்குப் பக்கத்தில் வரும் வடிவம். 18-ம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா காலத்தில், அவருடைய தளபதி டிலனாய் மேற்பார்வையில் பலப்படுத்திய கோட்டை. இன்றைக்கும் உப்புக் காற்றில் அசையாமல் நிற்கிறது.

அதே காற்றில், கோட்டையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் 20, 25 வருட கான்கிரீட் வீட்டில் சன்ஷேடு உதிர்ந்து கம்பி தெரிவதைப் பார்க்கலாம். 'அந்தக் காலத்து ஆளுங்க கட்டினா கட்டினதுதான்' என்று பெருமூச்சு விட வேண்டாம். காரணம் எளிமையானது. கோட்டைச் சுவர் கருங்கல். அதற்குள் இரும்புக் கம்பி கிடையாது. துருப்பிடிக்க ஒன்றும் இல்லை. போதாததற்கு, தொல்லியல் துறையின் பராமரிப்பிலும் இருக்கிறது. உங்க வீட்டுக்கு அந்த இரண்டு வசதியும் இல்லை.

கான்கிரீட் இயல்பாகவே காரத்தன்மை கொண்டது. அதனால் உள்ளே இருக்கும் கம்பியைச் சுற்றி மெல்லிய பாதுகாப்புப் படலம் உருவாகும். கடல் காற்றில் வரும் உப்பு, கான்கிரீட்டின் நுண்ணிய துளைகள் வழியாக மெதுவாக உள்ளே இறங்கி, அந்தப் படலத்தைக் குலைத்துவிடும். கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். உள்ளேயிருந்து தள்ளும். முதலில் கம்பி போகும் வழியில் நூல் மாதிரி ஒரு விரிசல், பிறகு பழுப்புக் கறை, பிறகு ஒருநாள் காற்றோடு மழை பெய்யும்போது சன்ஷேடின் அடிப்பாகம் கட்டியாகக் கீழே. கீழே யாருடைய பைக் நிற்கிறது, யாருடைய குழந்தை நிற்கிறது என்பது அதிர்ஷ்டம்.

கம்பிக்கு மேல் எவ்வளவு கான்கிரீட் இருக்கிறது என்பதுதான் இங்கே உயிர்நாடி. கடலோரச் சூழலில் இருக்கும் கட்டுமானத்துக்கு 45 மில்லிமீட்டர் கவர் வேண்டும் என்கிறது இந்திய தரக் குறியீடான ஐ.எஸ். 456. வெளிக்காற்றின் கடுமை இல்லாத உள்நாட்டுக் கட்டடத்துக்குச் சொல்லும் அளவு 20 மில்லிமீட்டர். மதுரையில் கட்டுகிற மாதிரியே கடலோரத்திலும் கட்டிவிட்டு, 'சிமென்ட் சரியில்லை' என்று சிமென்டைத் திட்டுகிற கதைதான் நிறைய. புதிதாகக் கட்டப்போகிறவர்கள் இந்த ஒரு எண்ணை மட்டும் குறித்து வைத்துக்கொண்டு கான்ட்ராக்டரிடம் கேளுங்கள். கலவைக்கு உப்புத் தண்ணீர்க் கிணற்றிலிருந்து தண்ணீர் எடுக்கிறார்களா என்றும் பாருங்கள்.

ஏற்கெனவே கட்டிய வீடு என்றால், அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது ஒரு சின்னச் சுத்தியலோடு சன்ஷேடு, பால்கனி அடிப்பாகம், மாடிப்படி அடிப்பாகம், டேங்க் நிற்கும் தூண் எல்லாவற்றையும் லேசாகத் தட்டிப் பாருங்கள். கெட்டியான இடத்தில் 'டங்' என்று கேட்கும். உள்ளே விட்டுப்போன இடத்தில் 'டொப்' என்று பொய்யாகக் கேட்கும். அங்கே சாக்பீஸால் வட்டம் போட்டுவையுங்கள். கொத்தனாரைக் கூப்பிட்டால் பெரும்பாலும் ஒரே நாளில் மேலே பூசி, பெயின்ட் அடித்து முடித்துவிடுவார். பார்க்கப் புதுசாக இருக்கும். துரு உள்ளே தன் வேலையைத் தொடரும். அந்த இடத்தைக் கம்பிக்குப் பின்பக்கம் வரை கொத்தி எடுத்து, துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, அதற்கான பாலிமர் கலந்த கலவையால் அடைப்பதுதான் சரியான வேலை. கம்பி பாதியாகத் தேய்ந்திருந்தால் கொத்தனார் போதாது, இன்ஜினீயர் பார்க்க வேண்டும். செலவுதான். சன்ஷேடு விழுந்த பிறகு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது சில்லறை.

மாடியில் என்னவெல்லாம் பறக்கும்?

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் போகும்போது வரிசையாக நிற்கும் காற்றாலைகளை ரசிக்காதவர்கள் கிடையாது. கரன்ட் தயாரித்து விற்கிற அளவுக்குக் காற்று அடிக்கிற ஊர் இது. அதே காற்றுதான் உங்க மொட்டைமாடியில், துணி காயப்போட நாலு பைப் நட்டு அடித்த தகரக் கூரையையும் தொட்டுப் பார்க்கிறது.

புயலில் கூரை ஷீட்டைக் காற்று அமுக்கி உடைப்பதைவிட, மேலே உறிஞ்சித் தூக்குவதுதான் அதிகம். கூரை மேல் வேகமாகக் காற்று ஓடும்போது அங்கே அழுத்தம் குறைகிறது, கீழிருக்கும் காற்று தள்ளுகிறது. விமானத்தின் இறக்கைக்கு நடப்பதுதான் உங்க ஷீட்டுக்கும். ஓரங்களிலும் மூலைகளிலும் இழுவை மிக அதிகம். நடுவில் எத்தனை போல்ட் போட்டிருக்கிறார்கள் என்பதைவிட, ஓரத்தில் எத்தனை என்று பாருங்கள். ஜே ஹூக், ஸ்குரூ எல்லாம் துருவேறிப் பொடியாக உதிர்ந்தால் ஷீட் இப்போது தன் எடையால் மட்டும் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். கழற்றிப் புதிது போடுங்கள். இந்தப் பக்கத்துக்குச் சாதா இரும்பு வேண்டாம், கால்வனைஸ் செய்தது அல்லது துருப்பிடிக்காத எஃகு.

தண்ணீர் டேங்க் விஷயத்தில் ஒரே வேலையில் இரண்டு லாபம். காலி பிளாஸ்டிக் டேங்க் பலூன் மாதிரி உருளும். நிரம்பிய 1,000 லிட்டர் டேங்க் ஒரு டன் எடை, சாதாரணமாக நகராது. புயல் எச்சரிக்கை வந்ததும், கரன்ட் இருக்கும்போதே மோட்டாரைப் போட்டு டேங்கை வழிய வழிய நிரப்பிவிடச் சொல்லுங்கள். டேங்கும் நிற்கும், கரன்ட் போன பிறகு அடுத்த இரண்டு மூன்று நாளுக்குத் தண்ணீரும் இருக்கும். டேங்க் நிற்கும் தூண் சுத்தியல் பரிசோதனையில் பாஸாகியிருக்க வேண்டும், அவ்வளவுதான். மூடியைக் கயிறு போட்டுக் கட்டிவிடுங்கள்.

அடுத்தது மழைத்தண்ணீர்க் குழாய். காய்ந்த இலை, பந்து, யாரோ குடித்துப் போட்ட ஜூஸ் கவர், இந்த மூன்றும் போதும் அடைக்க. ஆயிரம் சதுர அடி மாடியில் 10 சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கினால் 9,300 லிட்டர். அதாவது ஒன்பது டன்னுக்கு மேல் எடை உங்க தளத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. 'பத்து சென்டிமீட்டரெல்லாம் எப்பவாவதுதானே பெய்யும்' என்று நினைத்தால், 2023 டிசம்பர் 17, 18-ல் இதே கடற்கரையில் வடக்கே இருக்கும் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர் பெய்ததை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள்.

தென்னை மரம் வீட்டை ஒட்டி நின்றால் ஐப்பசிக்குள் ஆள் ஏற்றி தேங்காயையும் காய்ந்த ஓலையையும் இறக்கிவிட வேண்டும். இது பாட்டிக்குத் தெரியும். நமக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் எப்போது பார்ப்பது? குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு. மே கடைசியில் ஒருமுறை, செப்டம்பர் கடைசியில் ஒருமுறை. ஓணத்துக்கோ பூஜா லீவுக்கோ ஊருக்குப் போகிறவர்கள் ஒரு காலைப் பொழுதை மாடிக்கு ஒதுக்கினால் போதும்.

சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு தாள்

இப்போது அந்த ஒற்றை டிக் விஷயத்துக்கு வருவோம். போன் வேலை செய்யாதபோது உங்க வீட்டில் குடியிருப்பவருக்கு உதவப்போவது மூன்று. ஒரு தாள், பக்கத்து வீட்டில் ஒரு சாவி, 'நீங்களே முடிவெடுங்க' என்று முன்கூட்டியே கொடுத்த அனுமதி.

தாளில் பெரிய எழுத்தில், தமிழில். வடமாநிலத்துக் குடும்பம் குடியிருந்தால் அவர்கள் வாசிக்கும் மொழியிலும். மெயின் சுவிட்ச் எங்கே, தண்ணீரை மொத்தமாக நிறுத்தும் கேட் வால்வு எங்கே, கேஸ் ரெகுலேட்டரை எப்படித் திருப்புவது. இந்த மூன்றுக்கும் அம்புக்குறி போட்டு படம் வரைந்தாலும் தப்பில்லை. கேட் வால்வைத் திருகிப் பார்த்தீர்களா? ஐந்து வருடம் தொடாத வால்வு உப்புக் காற்றில் இறுகிப்போயிருக்கும். அவசரத்தில் பலம் போட்டுத் திருகினால் கைப்பிடிதான் கையோடு வரும். வருடத்துக்கு இரண்டு முறை மூடித் திறந்து வைத்தால் இந்தப் பிரச்னை வராது.

கீழே எண்கள். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077. மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070. அவசர உதவி 112, ஆம்புலன்ஸ் 108, கேஸ் கசிவு 1906. மின்தடை, அறுந்த கம்பிக்கு மின்னகம் 94987 94987. அதோடு உள்ளூர் எலக்ட்ரீஷியன், பிளம்பர், பக்கத்து வீடு. 'எல்லாம் போன்ல சேவ் பண்ணியிருக்கேனே' என்பீர்கள். சார்ஜ் போன போனில் சேவ் ஆகியிருக்கும் எண்ணுக்கு மதிப்பு பூஜ்யம். தாளில் இருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் போனிலிருந்தாவது கூப்பிடலாம். டேட்டா படுத்துவிட்டாலும் சில நேரம் சாதா எஸ்.எம்.எஸ். மட்டும் போய்ச் சேரும் என்பதையும் எழுதிவையுங்கள். பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன ரேடியோவை வீட்டில் வாங்கி வைத்தால் இன்னும் நல்லது. டவர் விழுந்தாலும் ஆகாசவாணி நாகர்கோவில் பேசும்.

சாவி விஷயத்தில் ஒரு தப்பு சகஜமாக நடக்கிறது. மாடி ரூம், மோட்டார் ரூம், மீட்டர் பெட்டி, இவற்றின் சாவி ஓனரிடமே இருக்கும். குடியிருப்பவர் மாடிக்குப் போய் எதையாவது செய்துவிடுவார் என்ற பயம். அவசரத்தில் அந்தப் பூட்டு யாரைத் தடுக்கும் என்று யோசியுங்கள். ஒரு செட் சாவி நடந்து போகும் தூரத்தில் இருக்கும் ஒருவரிடம் இருக்க வேண்டும். வாடகைக்கு இருப்பவருக்கு அவரைத் தெரிந்திருக்க வேண்டும். 'மேல வீட்டு அக்காகிட்ட சாவி இருக்கு' என்று சொன்னால் மட்டும் போதாது. ஒருநாள் நேரில் கூட்டிப்போய் அறிமுகம் செய்து, ஒரு டீயும் குடித்துவிட்டு வாருங்கள்.

மூன்றாவது, அனுமதி. பணத்தைப் பற்றிய தயக்கம்தான் பல சின்ன ரிப்பேரைப் பெரிய விபத்தாக்குகிறது. 'ஓனரைக் கேக்காம செஞ்சா காசு தருவாரோ என்னவோ' என்று குடியிருப்பவர் காத்திருப்பார். அதனால் ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதுங்கள்: அவசரம் என்றால் இத்தனை ரூபாய் வரை என்னைக் கேட்காமல் செலவு செய்யலாம், பில்லோ போட்டோவோ காட்டினால் வாடகையில் கழித்துக்கொள்ளலாம். எத்தனை ரூபாய் என்பது உங்க வாடகையைப் பொறுத்தது. நான் ஓனராக இருந்தால் ஒரு மாத வாடகையில் பாதியை எழுதுவேன்.

அந்தப் பாதி சும்மா வந்த கணக்கு இல்லை. தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம், 2017-ல் இயற்றி 2019 பிப்ரவரி 22-ல் நடைமுறைக்கு வந்தது, யார் எதை ரிப்பேர் செய்ய வேண்டும் என்று ஒரு பட்டியலே வைத்திருக்கிறது. கட்டடத்தின் அடிப்படைப் பழுது, வெள்ளையடிப்பது, தேவைப்படும்போது குழாய்கள், மின் வயரிங் மாற்றுவது எல்லாம் உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், அடைப்பு எடுப்பது, சுவிட்ச், சாக்கெட், உடைந்த கண்ணாடி, தாழ்ப்பாள் மாதிரியானவை குடியிருப்பவர் பொறுப்பு. ஓனர் தன் பங்கைச் செய்ய மறுத்தால், குடியிருப்பவர் தானே செய்துவிட்டு வாடகையில் கழிக்கலாம். ஆனால் அந்தக் கழிவு ஒரு மாத வாடகையில் பாதிக்கு மேல் போகக் கூடாது. உங்க வீடு எங்கே இருந்தாலும் இந்தப் பட்டியலை அப்படியே ஒப்பந்தத்தோடு இணைத்துவிட்டால் பாதிச் சண்டை வராது. வாடகைக்கு இருப்பவராக இதைப் படிக்கிறீர்களா? இந்தப் பத்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஓனருக்கு அனுப்பலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

கரன்ட் பக்கம் ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். மீட்டருக்குப் பக்கத்தில் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பாருங்கள். கடைக்காரர்களுக்கு இன்னும் இ.எல்.சி.பி. என்றால்தான் புரியும். 30 மில்லிஆம்பியர் அளவுள்ளது. மின்சாரம் வயரை விட்டுவிட்டு ஈரச் சுவர் வழியாகவோ மனித உடல் வழியாகவோ கசிந்தால் கண் இமைக்கும் நேரத்தில் அறுத்துவிடும். அதில் 'டி' என்று ஒரு பட்டன் இருக்கும். அமுக்கினால் உடனே ட்ரிப் ஆக வேண்டும். ஆகவில்லை என்றால் அது சுவரில் இருக்கும் அலங்காரம். நீங்க வீடியோ காலில் இருக்கும்போதே குடியிருப்பவரை அமுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். முப்பது நொடி வேலை.

விருந்தாளிக்கு இந்தக் கடல் தெரியாது

வீட்டை நாள் வாடகைக்கு டூரிஸ்ட்டுகளுக்கு விடுபவர்களுக்குத் தனியாக ஒரு விஷயம். கன்னியாகுமரியில் சீசன் எப்போது? நவம்பரில் ஐயப்ப பக்தர்கள் வர ஆரம்பித்து, கிறிஸ்துமஸ், நியூ இயர், பொங்கல் வரை. ஒக்கி நவம்பர் 30. சுனாமி 2004 டிசம்பர் 26. ரூம் நிரம்பி வழியும் மாதங்களும் கடல் கோபப்படும் மாதங்களும் ஒன்றாகவே வருகின்றன. சுனாமி அன்று விவேகானந்தர் பாறையில் நூற்றுக்கணக்கான சுற்றுலாப் பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். மணக்குடியில் பாலமே பெயர்ந்து போனது. ஊர்க்காரருக்கு எந்தப் பக்கம் மேடு என்று தெரியும், இருட்டில்கூட ஓடுவார். நேற்று இரவு செக்-இன் செய்த குடும்பத்துக்கு வைஃபை பாஸ்வேர்டு மட்டும்தான் தெரியும்.

கடல் சீற்றம் என்றால் மழையும் காற்றும் சேர்ந்துதான் வரும் என்று நினைப்பதும் ஆபத்து. கள்ளக்கடல் என்று ஒன்று இருக்கிறது. பல ஆயிரம் கிலோமீட்டர் தெற்கே, இந்தியப் பெருங்கடலின் அடிப்பகுதியில் அடிக்கும் புயலில் கிளம்பும் அலை, நாள்கணக்கில் பயணம் செய்து நம் கரைக்கு வந்து சேரும். இங்கே வானம் தெளிவாக இருக்கும், செல்ஃபிக்கு அருமையான வெளிச்சமாக இருக்கும். திடீரென்று தண்ணீர் மேலே ஏறும். திருடன் மாதிரி வருவதால்தான் அந்தப் பெயர். 2024 மே 6-ல் கணபதிபுரம் பக்கம் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் இறந்துபோனார்கள். கடல் கொந்தளிப்பு எச்சரிக்கை அதற்கு முன்பே வந்திருந்தது. எச்சரிக்கைக்கும் வெளியூர்க்காரர்களுக்கும் நடுவில் அதை எடுத்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். ரூம் கொடுத்தவர் அந்த ஆளாக இருக்கலாம்.

எனவே கெஸ்ட் வருகிற அன்று காலையில் எச்சரிக்கை ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பதை வழக்கமாக்குங்கள். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம்தான் கடல் எச்சரிக்கைகளைக் கொடுக்கிறது. தமிழக அரசின் டி.என். அலர்ட், மத்திய அரசின் சசேத் ஆப்களிலும் எச்சரிக்கைகள் வரும். இருந்தால், அழகாக எழுதிக்கொண்டிருக்காமல் நேராகச் சொல்லுங்கள்: "சார், இன்னிக்குக் கடல்ல கால்கூட நனைக்க வேண்டாம்." ஒரு ஸ்டார் ரேட்டிங் குறையலாம். பரவாயில்லை.

ரூம் கதவுக்குப் பின்னால் இருக்கும் தாளில், மேட்டுப் பகுதிக்கு நடந்து போகும் வழியைப் படமாகப் போட்டுவையுங்கள். அன்றன்று யார் தங்கியிருக்கிறார்கள், எத்தனை பேர், குழந்தைகள், முதியவர்கள் உண்டா என்று ஒரு நோட்டுப் புத்தகம் கேர்டேக்கரிடம் இருக்கட்டும். புக்கிங் ஆப்பில் இருக்கிறதே என்றால், மறுபடியும் அந்த ஒற்றை டிக்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஜெனரேட்டர் வைத்திருந்தால் அதை வராந்தாவிலோ படிக்கட்டுக்கு அடியிலோ ஓடவிடக் கூடாது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஜன்னலை மூடித் தூங்குபவர்கள் அப்படியே போய்விடுவார்கள். திறந்த வெளியில், ஜன்னலிலிருந்து தள்ளி வையுங்கள்.

காற்று நின்ற பிறகு

விபத்துகளில் பாதி, எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போதுதான் நடக்கும். கரன்ட் வந்துவிட்டதா என்று பார்க்க மெயினை ஆன் செய்வது முதல் தவறு. போர்டில் தண்ணீர் இறங்கியிருந்தால் எலக்ட்ரீஷியன் பார்க்கும் வரை ஆஃபிலேயே இருக்கட்டும். வாசலில் கம்பி அறுந்து கிடந்தால் 'கரன்ட்தான் இல்லையே' என்று ஒதுக்கிவிடப் போகாதீர்கள். எந்த நிமிடத்திலும் சப்ளை வரலாம். பக்கத்து வீட்டு ஜெனரேட்டரிலிருந்துகூட வரலாம்.

கிணறு, தொட்டியில் வெள்ளம் புகுந்திருந்தால் அதை அப்படியே பயன்படுத்த விடாதீர்கள். கலங்கல் தெளிந்த பிறகு பிளீச்சிங் பவுடர் போட வேண்டும். டேங்குக்கு வழக்கமாகச் சொல்லும் கணக்கு ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம். குறைந்தது அரை மணி நேரம் கழித்துப் புழங்கலாம். குடிக்க, காய்ச்சிய தண்ணீர்தான்.

செப்டிக் டேங்க் நிரம்பி வழிந்தால் லாரி வரும் வரை காத்திருங்கள். 'ஒரு ஆள் உள்ளே இறங்கினா அஞ்சு நிமிஷ வேலை' என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். விஷவாயு அடிக்க ஐந்து நிமிடம்கூடத் தேவையில்லை. மனிதரை இறக்குவது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், இறக்கிவிட்டவர் என்ற முறையில் உங்க மேல்தான் வழக்கு வரும்.

துடைத்துச் சுத்தம் செய்வதற்கு முன்னால் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். இன்ஷூரன்ஸுக்கு அதுதான் ஆதாரம். இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்று யோசிக்கிறீர்களா? வீடுகளுக்கென்றே பாரத் கிரிஹ ரக்ஷா என்ற பொதுவான பாலிசி 2021 ஏப்ரல் முதல் எல்லா பொதுக் காப்பீட்டு நிறுவனங்களிலும் கிடைக்கிறது. தீ மட்டுமல்லாமல் புயல், வெள்ளம், சுனாமியும் அதில் உண்டு. வீடு குடியிருக்க முடியாமல் போனால் இழக்கும் வாடகைக்கும் இடம் இருக்கிறது. டூரிஸ்ட்டுகளுக்கு நாள் வாடகைக்கு விடுபவர்கள் அதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் சொல்லிவிட்டே எடுங்கள். மறைத்தால் கிளைம் வரும் நாளில் அவர்கள் அதைத்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள்.

இவ்வளவையும் ஒரே வாரத்தில் செய்யச் சொல்லவில்லை. சன்ஷேடு வேலைக்குப் பணம் சேர்க்க வேண்டும், பாலிசியை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், செப்டம்பரில் லீவு கிடைக்க வேண்டும். ஆனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு போன் கால் செய்யலாம். வீட்டில் இருப்பவரிடம் நலம் விசாரித்துவிட்டு, பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள்: "தம்பி, நம்ம வீட்டு மெயின் சுவிட்ச் எங்க இருக்கு, தெரியுமா?"

அவர் பதில் சொல்ல எத்தனை நொடி ஆகிறது என்று மட்டும் கவனியுங்கள். அதற்கு முன்னால், உங்களுக்கே தெரியுமா என்று அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.